வைரஸ் தாங்கும் ரகம் என்று நட்ட நெல் ஏன் துங்ரோவில் சிவந்தது?

ஏரிப்பாசனம்
வணக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் எனக்கு இரண்டரை ஏக்கர் நிலம். பாதிக்கு ஏரித் தண்ணீர், பாதிக்குக் கிணறு. நவரைப் பட்டத்துக்கு நட்டு இன்றோடு 27 நாள் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு முன்புவரை கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்ற பயிர், இப்போது நடு வயலில் திட்டுத் திட்டாக நிறம் மாறி நிற்கிறது. நுனியில் மஞ்சள் தொடங்கி, காவி கலந்த ஆரஞ்சாகக் கீழே இறங்குகிறது. அந்தத் திட்டுகளில் பயிர் குட்டையாகவே நின்றுவிட்டது, தூரும் கட்டவில்லை. துத்தநாகக் குறை என்று நினைத்து ஜிங்க் சல்பேட் போட்டேன், கொஞ்சம் யூரியாவும் போட்டேன். எட்டு நாள் ஆகியும் பச்சை திரும்பவில்லை.

மருந்து கேட்பதற்காக நான் எழுதவில்லை. விதை வாங்கும்போது "இது வைரஸ் தாங்கும் ரகம், கவலையே வேண்டாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்தச் சொல்லை நம்பிக் கூடுதல் விலையும் கொடுத்தேன். தாங்கும் என்றால் எதைத் தாங்கும்? அதற்கு யார், எப்படிச் சோதனை செய்து பெயர் வைக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இலைநுனி
ஏரிப்பாசனம் ஐயா, பயிர் நோயியல் துறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் சொல்வது துங்ரோ என்ற நெல் வைரஸ் நோயைப் போலத்தான் தெரிகிறது. ஆனாலும் சோதித்துவிடுங்கள். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், நோய்கண்ட இலைகளின் நுனியில் 10 சென்டிமீட்டர் நறுக்குங்கள். நல்ல பயிரிலிருந்தும் நாலைந்து நறுக்குங்கள். இரண்டையும் அயோடின் கரைசலில் கால் மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரில் கழுவுங்கள். நோய் இருந்தால் இலையில் கருநீலக் கோடு தெரியும். நல்ல இலை பகலில் செய்த மாவுச்சத்தை இரவோடு இரவாக வேருக்கும் தூருக்கும் அனுப்பிவிடும். துங்ரோ கண்ட இலையில் அது வெளியேற முடியாமல் தேங்கி நிற்கும். அந்தத் தேக்கம்தான் நீலமாகத் தெரிகிறது. பள்ளிக்கூட ஆய்வகத்திலோ மருந்துக் கடையிலோ அயோடின் கிடைக்கும்.

முடிவைச் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்கான பதிலைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். அது எளிய கேள்வி இல்லை.

ஏரிப்பாசனம்
ஐயா, இன்று விடியற்காலை செய்து பார்த்தேன். நோய்கண்ட எட்டு இலைகளில் ஆறில் கோடு பளிச்சென்று தெரிந்தது. நல்ல இலை எதிலும் இல்லை. மனம் கனத்துப் போயிருக்கிறது. இனிக் காரணமாவது தெரிய வேண்டும்.

இலைநுனி
சரி, உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

துங்ரோ ஒரே வைரஸால் வரும் நோய் அன்று. இரண்டு வைரஸ்கள் சேர்ந்து செய்யும் வேலை. ஒன்று உருண்டை வடிவம், இன்னொன்று குச்சி வடிவம். உருண்டை வைரஸ் தனியாக வந்தால் பயிரில் பார்க்கத்தக்க கேடு ஏதும் தெரியாது. குட்டையாக்கி நிறம் மாற்றுவது குச்சி வைரஸ். ஆனால் குச்சி வைரஸுக்குத் தனியாகப் பயணம் போகத் தெரியாது. உருண்டை வைரஸ் துணைக்கு இருந்தால்தான், நெல்லின் சாற்றை உறிஞ்சும் பச்சைத் தத்துப்பூச்சி அதைச் சுமந்து அடுத்த பயிருக்குக் கொண்டுபோகும். ஒன்று வண்டி, மற்றொன்று சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எதிர்ப்பு என்று சொன்னால் மூன்றில் எதற்கு எதிர்ப்பு என்று கேட்க வேண்டும். பூச்சிக்கா, உருண்டை வைரஸுக்கா, குச்சி வைரஸுக்கா? கடையில் சொன்னது முதல் வகையாக இருக்கலாம். பெரும்பாலும் அதுதான்.

இதற்கு வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயலில் இந்த நோயை அடையாளம் கண்டார்கள். தத்துப்பூச்சிதான் பரப்புகிறது என்று 1965-இல் உறுதியானது. சிக்கல் என்னவென்றால், அதே பத்தாண்டில்தான் குட்டை ரகங்கள் வந்தன. தழைச்சத்தை அள்ளிப் போட்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் எடுத்து, வயலை எப்போதும் பச்சையாக வைத்துக்கொண்டோம். பூச்சிக்கு அது விருந்து. 1969-இல் பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும், 1971-இல் பிலிப்பைன்ஸிலும், 1984-85-இல் நம் மாநிலத்திலும் ஆந்திரத்திலும் துங்ரோ பெரிதாக வந்தது.

அப்போது ரகம் உருவாக்கியவர்களுக்குக் கைக்கு எட்டிய வழி, பூச்சி உட்கார்ந்து உறிஞ்ச விரும்பாத நெல்லைத் தேடுவது. அப்படிப்பட்ட நெல் நம்மிடமே இருந்தது. பங்கரி 203 என்ற இந்திய நெல்லில் ஒரு மரபணு. நம் அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி.7-இல் வேறொன்று, கேரளத்தின் பட்டாம்பி நெல்லில் இன்னொன்று. கூண்டில் ஆயிரக்கணக்கான பூச்சிகளை விட்டுச் சோதித்தார்கள். டி.என்.1 நாற்று எல்லாம் படுத்துவிட, இவை நின்றன. இடையில் ஒன்று: டி.என்.1 என்பது தைவானின் தைச்சுங் நேட்டிவ் 1. தமிழ்நாட்டு ரகம் என்று நம்மவர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எளிதில் நோய்க்கு ஆட்படும் என்பதாலேயே அதை ஒப்பீட்டுக்காக ஒவ்வொரு சோதனையிலும் நடுவார்கள்.

இந்த முறையின் ஓட்டை எங்கே இருக்கிறது? கூண்டில் நின்ற பயிர் வைரஸை எதிர்த்து நிற்கவில்லை. பூச்சி அதைத் தொடவில்லை, அவ்வளவுதான். ஒரே ரகத்தை ஊர் முழுக்க நட்டால், வேறு போக்கிடமில்லாத பூச்சி அதிலேயே உட்காரப் பழகிக்கொள்ளும். சில ஆண்டுகளில் பூச்சியின் வாரிசுகள் அந்த ரகத்தை நன்றாகவே உறிஞ்சுகின்றன. அன்றைக்கு உள்ளே இருக்கும் பயிர் வைரஸுக்கு முழுதாகத் திறந்து கிடக்கிறது. சர்வதேச நெல் நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். வரிசை ரகங்கள் பலவற்றில் இதைக் கண்ணால் பார்த்தோம். அதனால்தான் பிறகு சோதனைக் குழாய்க்குள் ஒரே ஒரு நாற்றை வைத்து, வைரஸ் சுமந்த ஒன்றிரண்டு பூச்சிகளை உள்ளே விட்டு மூடினார்கள். பூச்சிக்குத் தப்ப வழியில்லை, உறிஞ்சியே ஆக வேண்டும். அதற்குப் பின்னும் வைரஸ் பெருகாத நாற்று எதுவோ அதுவே உண்மையில் வைரஸை எதிர்ப்பது. இரண்டு வைரஸ்களையும் தனித்தனியாக எலைசா என்ற ஆய்வக முறையில் சோதிக்கும் வசதி வந்த பிறகுதான் இந்தக் கணக்கே தெளிவானது.

உங்கள் விதைக்கு இந்தச் சோதனையில் எது நடந்தது என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் மூட்டையில் அச்சடித்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதிர்ப்பருவம்
ஐயா எழுதியதற்குத் தொடர்ச்சியாக எழுதுகிறேன். கோயம்புத்தூரில் பயிர்ப் பெருக்கத்தில் ஆய்வு மாணவி நான்.

உருண்டை வைரஸுக்கு எதிரான மரபணு எது என்பது இப்போது தெரியும். இந்தோனேசியாவின் உட்ரி மேரா என்ற பழைய நெல்லில் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். ஏழாவது குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணு, நோயை விரட்டுவதற்கென்று உண்டானது இல்லை. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் ஓர் உறுப்பை அது உண்டாக்குகிறது. வைரஸுக்குச் சொந்தமாகப் புரதம் செய்யும் வசதி கிடையாது. பயிரின் அந்த உறுப்பைத்தான் கடன் வாங்குகிறது. எதிர்ப்புள்ள நெல்லில் அந்த உறுப்பில் ஒன்றிரண்டு அமினோ அமிலம் மட்டும் மாறியிருக்கிறது. பயிரின் சொந்த வேலை வழக்கம்போல நடக்கிறது. வைரஸால் மட்டும் பற்றிக்கொள்ள முடியவில்லை. முதன்முதலில் படித்தபோது இரவெல்லாம் தூக்கம் வரவில்லை எனக்கு.

இது ஒடுங்கு மரபணு. அதாவது தாய், தந்தை இரண்டு வழியிலும் மாறிய நகல் வந்தால்தான் பயன். ஒன்று மட்டும் பழைய நகலாக இருந்தால் வைரஸ் அதைப் பிடித்துக்கொள்ளும். ரகம் உருவாக்குபவர்களுக்கு இது பெரிய தலைவலி. எதிர்ப்புள்ள நெல்லை உங்கள் ஊர் ரகத்தோடு கலந்து, வரும் சந்ததியை மறுபடி ஊர் ரகத்தோடு கலந்துகொண்டே போனால், ஒவ்வொரு கலப்பிலும் எல்லாச் செடியும் நோய்க்கு ஆட்படும் செடியாகவே தெரியும். எதில் மரபணு ஒளிந்திருக்கிறது என்று அறிய ஒவ்வொரு முறையும் தன்மகரந்தச் சேர்க்கை செய்து அடுத்த தலைமுறையையும் சோதிக்க வேண்டும். காலம் இரட்டிப்பாகும். இப்போது ஓர் இலைத் துண்டில் டி.என்.ஏ. எடுத்தால் நாற்றுப் பருவத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்த படியும் வந்துவிட்டது. ஐ.ஆர்.64-இல் இதே மரபணுவை, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் திருத்தி, உருண்டை வைரஸ் தாக்காத செடிகளை 2018-இல் காட்டினார்கள். பல ஆண்டுக் கலப்பு வேலையைச் சில தலைமுறைகளில் முடித்துவிடலாம். வெளியிலிருந்து எந்த மரபணுவும் நுழைவதில்லை. இப்படிப்பட்ட திருத்தத்துக்கு 2022-இல் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. 2025-இல் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவிக்கவும் செய்தார்கள். அவை துங்ரோவுக்கானவை இல்லை என்றாலும் பாதை திறந்துவிட்டது. இனிப் பழைய முறையில் நெல் நெல்லாகச் சலிக்க வேண்டிய தேவை குறையும் என்று நம்புகிறேன்.

விதைக்கோட்டை
தங்கையே, கடைசி வாக்கியத்தை மட்டும் ஏற்க மாட்டேன்.

எதைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்குக் காட்டிக்கொடுத்தது யார்? எங்கோ இந்தோனேசியாவில் யாரோ ஒரு விவசாயி விடாமல் விதைத்துக்கொண்டு வந்த உட்ரி மேரா. அது இல்லாமல் போயிருந்தால் எந்த எழுத்தைத் திருத்துவீர்கள்?

இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு, நெல்லின் இன்னொரு வைரஸான புல்தழைக் குட்டை நோய். புகையான் என்ற பூச்சி பரப்பும் நோய் அது. 1970களின் தொடக்கத்தில் ஆசிய நாடுகளை அச்சுறுத்தியது. சர்வதேச நெல் நிலையத்தில் 6000-க்கும் மேற்பட்ட நெல் வகைகளையும் காட்டு நெல்லையும் வரிசையாகச் சோதித்தார்கள். பயிரிடும் நெல்லில் ஒன்றுகூடத் தேறவில்லை. தேறியது உத்தரப் பிரதேசத்தில் 1963-இல் சேகரித்த ஒரு காட்டு நெல். அறிவியல் பெயர் ஒரைசா நிவாரா. அந்த ஒரு சேகரிப்பிலும் எல்லாச் செடியும் இல்லை, சில செடிகளில் மட்டுமே எதிர்ப்பு இருந்தது. வயலில் முளைத்தால் நாம் பிடுங்கி வரப்பில் வீசும் களை அது. மணி உதிரும், வாலும் நீளம், சோற்றுக்கு ஆகாது. அதை அந்த நிலையத்தின் நெல் விஞ்ஞானி குர்தேவ் குஷ்ஷின் குழுவினர் ஐ.ஆர்.24-உடன் திரும்பத் திரும்பக் கலந்து, அந்த ஒரு மரபணுவை மட்டும் பிரித்து எடுத்தார்கள். 1976-இல் வந்த ஐ.ஆர்.36-இல் அது இருந்தது. 1980களின் தொடக்கத்தில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 1.1 கோடி ஹெக்டேரில் அந்த ஒரு ரகம் நின்றது.

சேகரித்த அன்று அந்தப் புல்லுக்கு எந்தப் பயனும் கிடையாது. பத்தாண்டு கழித்து ஏதோ ஒரு நோய்க்கு உதவும் என்று யாருக்கும் தெரியாது. இருந்தும் ஒருவர் குனிந்து விதை எடுத்து உறையில் போட்டு எண் எழுதினார். என் தாயார் கோட்டை கட்டி வைத்த விதைகளை "எதுக்கு இந்தக் குப்பை" என்று கேட்டவர்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். எனக்கு இது வெறும் வாதம் இல்லை.

கதிர்ப்பருவம்
அக்கா, நீங்கள் சொல்வது சரி. நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். திருத்தத் தெரிவதும் எதைத் திருத்துவது என்று தெரிவதும் வேறு வேறு. ஆப்பிரிக்காவின் நெல் மஞ்சள் தேமல் நோய்க்கும் இதே கதைதான்: மொசாம்பிக்கின் ஜிகாண்டே என்ற உள்ளூர் நெல்லில் எதிர்ப்பு கிடைத்தது. ஆராய்ந்தால் அதே புரதத் தொடக்கக் குடும்பத்தைச் சேர்ந்த மரபணு. பார்லியின் மஞ்சள் தேமலுக்கும் அப்படியே. வெவ்வேறு கண்டம், வெவ்வேறு வைரஸ், பூட்டு மட்டும் ஒரே இடத்தில்.

இலைநுனி
பார்லியைச் சொன்னீர்கள், அதை முழுதாகச் சொல்ல வேண்டும் அம்மா. அந்த ஒரே எதிர்ப்பு மரபணுவை ஐரோப்பாவில் ரகத்துக்கு ரகம் புகுத்தினார்கள். 1980களின் பிற்பகுதியில் அதைத் தாண்டும் வைரஸ் வகை வந்துவிட்டது. விதைக்கோட்டை அம்மா சொன்ன ஐ.ஆர்.36-க்கும் அதே நிலை: 1980களில் பிலிப்பைன்ஸில் புல்தழைக் குட்டை வைரஸின் இரண்டாவது வகை தோன்றி, அந்தக் காட்டு நெல் மரபணுவைத் தாண்டிப் போனது.

நம் கதையும் உண்டு. ஏரிப்பாசனம் ஐயா, உங்கள் மாவட்டத்துத் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கே பிறந்தது டி.கே.எம்.6. கிச்சிலிச் சம்பாவிலிருந்து 1921-இல் தேர்ந்தெடுத்த ஜி.இ.பி.24-ஐயும் கோ 18-ஐயும் கலந்து 1950களில் வந்த ரகம். அதைப் பெற்றோராக வைத்துத்தான் ஐ.ஆர்.20 வந்தது, ஐ.ஆர்.26, ஐ.ஆர்.36 போன்றவற்றின் வம்சாவளியிலும் அது இருக்கிறது. டி.கே.எம்.6-க்குத் துங்ரோவின் உருண்டை வைரஸை எதிர்க்கும் திறன் உண்டு. பிலிப்பைன்ஸ்காரர்கள் நம் திரூர் நெல்லைக் கொண்டுதான் ஒரு காலம் தங்கள் வயலைக் காத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் எடுத்த ஓர் உருண்டை வைரஸ் வகை டி.கே.எம்.6-ஐயும் தாக்குகிறது என்று 1990களில் கண்டுபிடித்தார்கள். அதற்கு அடையாளப் பெயரிலேயே வி.டி.6 என்று டி.கே.எம்.6-ஐ நினைவுபடுத்தும் எண்ணை வைத்திருக்கிறார்கள்.

ஒற்றை மரபணுவைக் கிரிஸ்பரில் திருத்தினாலும் கலப்பில் கொண்டுவந்தாலும் வைரஸுக்கு அது ஒற்றைப் பூட்டுத்தான்.

கிரியான் வாய்க்கால்
மலேசியாவின் பேராக் மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கிரியான் வட்டாரத்தில் 1938-லேயே "பெஞாக்கிட் மேரா" என்று ஒரு நோய் பதிவாகியிருக்கிறது. மலாயில் சிவப்பு நோய் என்று பொருள். மண்ணில் குறை என்று நெடுங்காலம் நினைத்தார்கள். அது துங்ரோதான் என்று 1960களில் தெரிந்தது. ஏரிப்பாசனம் ஐயா ஜிங்க் போட்டுப் பார்த்ததைப் படித்தபோது என் தாத்தா காலத்துக் கதையே நினைவுக்கு வந்தது.

ஏரிப்பாசனம்
எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க எனக்கு ஒரு கேள்வி. எதிர்ப்பு வேண்டாம், நோய் வந்தாலும் விளைச்சல் குறையாத நெல் இருந்தால் எனக்குப் போதாதா? அதைத்தானே "தாங்கும்" என்கிறோம்?

கதிர்ப்பருவம்
அப்படியும் நெல் இருக்கிறது ஐயா. இந்தோனேசியாவின் பாலிமாவ் புத்தே. உள்ளே குச்சி வைரஸ் நிறையவே இருக்கும், வெளியே லேசான அறிகுறிதான் தெரியும். உட்ரி மேராவிலும் குச்சி வைரஸுக்கு எதிரான தன்மை இருக்கிறது. அது பல மரபணு சேர்ந்த தன்மை என்பதால் கலப்பில் முழுதாகப் பிடித்து வருவது கடினம். இன்னொரு வழியும் முயன்றார்கள். குச்சி வைரஸின் சொந்த மரபணுத் துண்டையே நெல்லுக்குள் வைத்து, வைரஸ் வந்தால் நெல்லே அடையாளம் கண்டு வெட்டிவிடும்படி டெல்லிப் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். அதை நம் ஏ.எஸ்.டி.16-க்குள் கொண்டுவந்து கோயம்புத்தூரில் சோதித்தார்கள். அறிகுறி குறைந்தது. ஆனால் அது மரபணு மாற்றுப் பயிர். விவசாயி கைக்கு வரவில்லை.

இலைநுனி
ஏரிப்பாசனம் ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. உங்கள் களத்தில் மூட்டை குறையாது என்றால் உங்களுக்கு நிம்மதி. ஆனால் அந்த வயலில் ஆயிரக்கணக்கான பச்சைத் தத்துப்பூச்சி உட்கார்ந்து உறிஞ்சும். அரை மணி நேரம் உறிஞ்சினாலே வைரஸை வாங்கிக்கொள்ளும். அதை வைத்திருப்பது சில நாள்தான், தோலுரித்தால் இழந்துவிடும், குஞ்சுகளுக்கும் போகாது. இருந்தாலும் அந்தச் சில நாளில் வாய்க்காலைத் தாண்டிப் பக்கத்து வயலில் இறங்கிவிடும். பக்கத்து வயல் உங்கள் தம்பியுடையதாகவே இருக்கலாம். அவர் நட்டது இளநாற்று. நட்ட முதல் மாதத்தில் வரும் துங்ரோதான் கொடியது.

ஆகையால் வைரஸைத் தன்னுள் பெருகவிடாத நெல்லையும், பெருகவிட்டுத் தான் மட்டும் பிழைத்துக்கொள்ளும் நெல்லையும் ஒரே சொல்லால் அழைக்கக் கூடாது. முதல் வகை தன்னையும் காக்கும், அக்கம்பக்கத்தையும் காக்கும். விதை மூட்டையில் இரண்டுக்கும் "தாங்கும்" என்றே அச்சடிக்கிறார்கள். இதை நான் பணியில் இருந்தபோதே கூட்டங்களில் பலமுறை சொன்னேன்.

விதைக்கோட்டை
இதை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. பழைய ரகங்களைப் பாராட்டும் நாங்களும் "நோய் வந்தாலும் தாங்கிவிடும்" என்று பெருமையாகச் சொல்வோம். பக்கத்து வயல் கோணத்தில் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கதிர்ப்பருவம்
ஐயா, ஒற்றைப் பூட்டு போதாது என்றால் என்னதான் வழி? நாங்கள் ஆய்வகத்தில் இரண்டு மூன்று மரபணுவை ஒரே ரகத்தில் அடுக்கப் பார்க்கிறோம். பூச்சிக்கு ஒன்று, உருண்டைக்கு ஒன்று, குச்சிக்கு ஒன்று. அதற்கு இன்னும் சில ஆண்டு ஆகும்.

இலைநுனி
அடுக்குங்கள், அதுதான் சரியான வேலை. அதுவரை இருப்பதை வீணாக்காமல் வைத்திருப்பது நம் பொறுப்பு. இந்தோனேசியாவின் தெற்குச் சுலாவெசியில் 1970களில் துங்ரோ கடுமையாக வந்தது. அவர்கள் புதிய மரபணுவுக்காகக் காத்திருக்கவில்லை. பூச்சி எதிர்ப்பு மரபணுவின்படி ரகங்களைக் குழுவாகப் பிரித்தார்கள். ஒரு பட்டத்தில் ஒரு குழு, அடுத்த பட்டத்தில் வேறு குழு என்று மாற்றி நட்டார்கள். பூச்சி ஒன்றுக்குப் பழகும் முன் அடுத்தது வந்துவிடும். கூடவே, வட்டாரம் முழுவதும் பூச்சி குறைந்திருக்கும் காலத்தைப் பார்த்து ஒரே நேரத்தில் நட்டார்கள். 1980களில் அங்கே நோய் அடங்கியது.

திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் என் கவலை இதுதான். ஒருவர் சொர்ணவாரிப் பட்டத்து நெல்லை அறுக்கும்போது அடுத்தவர் சம்பாவுக்கு நாற்று விடுகிறார், மூன்றாமவர் கிணற்றை நம்பி நடுவே ஒரு நடவு போடுகிறார். ஆண்டு முழுவதும் எங்கோ ஒரு மூலையில் இளம்பச்சை இருந்துகொண்டே இருக்கிறது. உலகின் சிறந்த எதிர்ப்பு மரபணுவைக் கொண்டுவந்து அங்கே வைத்தாலும், இடைவிடாத பூச்சித் தலைமுறைகள் அதன்மேல் உட்கார்ந்து பழகத்தான் செய்யும்.

ஏரிப்பாசனம்
நான்கு நாளாக எழுத முடியவில்லை. திட்டுகளில் இருந்த பயிரைப் பிடுங்கி மண்ணில் புதைத்துவிட்டேன். ஏறக்குறைய அரை ஏக்கர் போனது. மீதி நிற்கிறது. விதை வாங்கிய இடத்தில் போய் "பூச்சிக்கா, வைரஸுக்கா, எந்த வைரஸுக்கு?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பதில் இல்லை. எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

நேற்று மாலை ஏரிக்கரைப் பிள்ளையார் கோவிலில் எங்கள் மடைக்காரர்கள் 14 பேரையும் கூப்பிட்டு, இங்கே படித்ததை அப்படியே சொன்னேன். நம் திரூரில் பிறந்த நெல் பிலிப்பைன்ஸுக்குப் போன கதையை இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள். சொர்ணவாரிக்கு ஒரே பத்து நாளுக்குள் நாற்று விட 9 பேர் சம்மதித்தார்கள். எல்லோரும் ஒரே ரகம் நடாமல் மூன்று ரகமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றும் பேசினோம். எந்த ரகத்தில் எந்த எதிர்ப்பு என்று திரூர் நிலையத்திலேயே கேட்டு வர இரண்டு பேர் போகிறார்கள். சொந்தமாக ஆழ்குழாய் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி அவர் வீட்டுக்குப் போகிறேன்.

ஒரு கேள்வி மட்டும் ஐயா. அறுத்த பிறகு தாளில் மறுதாம்பு துளிர்க்குமே, அதில் வைரஸ் எத்தனை நாள் இருக்கும்?

இலைநுனி
தாள் பச்சையாக இருக்கும் வரை இருக்கும் ஐயா. அறுத்த வாரத்திலேயே மடக்கி உழுதுவிடுங்கள். ஆழ்குழாய்க்காரர் வயலையும் சேர்த்து.